தக்கலையில் பிள்ளைகளுக்கான டிஜிட்டல் திறன் சோதனை: தாராளமாக அனுப்பலாம்

பிள்ளைக்கு கம்ப்யூட்டர் எவ்வளவு தெரியும் என்று பார்க்கப் பல இடங்களில் கேள்வித்தாள்தான் தருகிறார்கள். தக்கலையில் என் தையல் கடைக்கு அடுத்த தெருவில் உள்ள மையம் கோடை விடுமுறையில் நடத்தும் சோதனை அப்படியில்லை. செய்யச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதற்காகவே 150 ரூபாய் கொடுக்கலாம்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் என் மகளை அனுப்பினேன். முதலில் போனில்: அலாரம் வை, திற்பரப்பு அருவி வீடியோவைத் தேடி அனுப்பு, எட்டு மணிக்கு நாகர்கோவிலில் இருக்க எப்போது கிளம்பணும் என்று மேப்பில் பார். மேப்பில்தான் தடுமாறினாள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2023இல் 14 முதல் 18 வயது கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுத்த அசர் ஆய்விலும் இதே கதைதான். ஆய்வுக்குப் போன் கொண்டுவர முடிந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் யூடியூபில் வீடியோவைக் கண்டுபிடித்தார்கள். மேப்பில் பயண நேரம் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

அப்புறம் கம்ப்யூட்டர். தமிழில் ஒரு விடுப்புக் கடிதம் தட்டச்சு செய்து சேமித்தாள், எங்கே சேமித்தாள் என்று தெரியவில்லை. போனிலேயே பழகிய பிள்ளைக்கு ஃபோல்டர் புதுசு. பக்கத்தில் இருந்த மிஸ் மவுஸைப் பிடுங்கவில்லை. “பதறாதே மக்ளே, தேடிப் பாரு” என்று காத்திருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான். உதவித்தொகை வந்திருக்கிறது என்று ஒரு போலி மெசேஜையும் காட்டினார்கள். “ஓடிபி கேட்டாலே கள்ளம்தான் மிஸ்” என்று உடனே சொல்லிவிட்டாள்.

குறைகளும் உண்டு. கம்ப்யூட்டரில் வரும் கேள்விகள் முழுக்க இங்கிலீஷில். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை ஒன்றைச் செய்யாவிட்டால், வேலை தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா என்று எப்படிப் பிரிப்பது? கேள்வியைத் தமிழில் வைத்தாலே பாதி சரியாகிவிடும். சான்றிதழில் மொத்த மதிப்பெண் மட்டும் இருக்கிறது; எதில் பயிற்சி வேண்டும் என்று நான் கேட்ட பிறகுதான் மிஸ் வாயால் சொன்னார்.

இன்னொன்று, போன் யாருடையது என்று படிவத்தில் கேட்பதே இல்லை. எங்கள் வீட்டில் அது அவள் அப்பாவோடு காலையில் போய் இரவில்தான் திரும்பும். அதே அசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம். அதைக் கேட்காமல் மதிப்பெண் போட்டால், போன் கைக்கே கிடைக்காத பிள்ளையை மந்தம் என்று எழுதியதாகிவிடும். மையத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் கூட்டம், காலையிலேயே போங்கள். அங்கே வைஃபை தருவதில்லை. போனில் சார்ஜும் நெட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.