உப்புத் தண்ணீர் வீட்டில் ஆறு மாதம் ஓடிய ஏரேட்டர்

பொருள் சின்னதுதான். சமையலறைக் குழாயின் நுனியில் திருகி மாட்டுகிற பித்தளை ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலந்து, ஓடுகிற அளவைக் குறைக்கிற சல்லடை மூடி. விலை 180 ரூபாய். திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். போர் தண்ணீரை நம்பி இருக்கிற வீட்டுக்கு இது சரிப்படுமா என்றால், சரிப்படும். ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்தால் வாங்காதீர்கள்.

நாங்கள் பெருமாள்புரத்தில் இருக்கிறோம். மாமா, அத்தை, பிள்ளைகள் இரண்டு பேர், நாங்கள் இருவர். குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். பாத்திரம், துணி, குளியல் எல்லாம் போர் தண்ணீர், அது உப்பு. மோட்டார் 1 எச்.பி. 1000 லிட்டர் தொட்டி நிரம்ப ஐம்பது நிமிஷம் ஓட வேண்டும், அதற்குள் முக்கால் யூனிட்டுக்கு மேல் போய்விடும். சித்திரையில் போரில் மட்டம் இறங்கினால் அதே தொட்டிக்கு ஒன்றேகால் மணி நேரம். அதனால் எங்கள் வீட்டில் குழாயைச் சும்மா திறந்துவிட்டால் தண்ணீரோடு கரண்டும் போகிறது.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். பிளாஸ்டிக் உடம்பு, நிமிஷத்துக்கு 3 லிட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் குழாயில் அது நூல் மாதிரி ஒழுகியது. சாம்பார்ச் சட்டியைக் கழுவ நின்றால் பொறுமை போய்விடும். மூன்றாவது வாரம் திருகு மரை இருக்கும் இடத்தில் கீறல் விட்டு, தண்ணீர் பக்கவாட்டில் என் சேலையில் அடித்தது.

டவுன் கடைக்காரர்தான் விஷயத்தை விளக்கினார். “அக்கா, பாக்கெட்ல போட்டிருக்க லிட்டரு பம்ப் வச்ச வீட்டுக் கணக்கு. உங்களுக்கு மொட்டை மாடித் தொட்டிதான?” என்றார். தொட்டிக்கும் குழாய்க்கும் 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஆறு மீட்டர்கூட வராது. அதனால் 8 லிட்டர் என்று போட்டிருப்பதை எடுக்கச் சொன்னார். மரையையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குழாய் நுனியின் உட்பக்கம் மரை இருந்தால் 24 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் இருந்தால் 22 என்பதுதான் அதிகம் புழங்கும் அளவு. நுனியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். மரையே இல்லாத பழைய பித்தளைக் குழாயில் இது நிற்காது.

மாட்டுவதற்கு முன்னால் 10 லிட்டர் வாளியை வைத்து அளந்தேன். முழுதாகத் திறந்தால் ஐம்பது செகண்டில் நிரம்பியது. மாட்டிய பிறகு இரண்டு நிமிஷம் நாற்பது செகண்ட். அதோடு விடவில்லை. சிங்குக்குக் கீழே குழாயைக் கழற்றி வாளி வைத்து, ராத்திரிப் பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அப்படியே பிடித்தேன். முன்னால் ஐந்தரை வாளி. இப்போது மூன்று வாளி நிரம்பவில்லை. காற்று கலந்து வெள்ளையாக விழுவதால் கைக்குக் குறைவாகத் தெரியவில்லை, சோப்பும் நன்றாகவே போகிறது.

அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. அவர்கள் சேரன்மகாதேவிக்காரர்கள். “ஆத்துல முங்கிக் குளிச்சவளுக்கு இது என்ன தண்ணி, எச்சி துப்புன மாதிரி” என்றார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆற்றின் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரை அளக்கச் சொன்னாலே வருத்தம் வரும். வாளி, குடம் பிடிக்கிற பின்பக்க அங்கணத்துக் குழாயில் நான் கை வைக்கவில்லை, அது அவர்களுடையது.

வேறு காரணமும் உண்டு. வாளியோ குடமோ நிரப்புகிற குழாயில் ஏரேட்டர் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. பத்து லிட்டர் பிடிக்க எப்படியும் பத்து லிட்டர்தான், நேரம்தான் கூடும். பாத்திரம் கழுவுவது, கை கழுவுவது என்று தண்ணீர் ஓடிப்போகிற இடத்துக்குத்தான் இது.

இனி உப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் கோணலாக விழ ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் சல்லடை மேல் வெள்ளையாக, அரிசிமாவு காய்ந்த மாதிரி படிந்திருக்கும். முதல் தடவை ஊசியால் குத்தினேன், சல்லடை கிழிந்துவிட்டது. உள்ளே இருக்கும் பாகத்தை மட்டும் 60 ரூபாய்க்கு மாற்றினேன். இப்போது அத்தை சொன்ன வழிதான்: கெட்டியான புளித்தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அப்படியே உதிர்ந்துவிடும். எலுமிச்சைச் சாறும் கேட்கும். கழற்றும்போது வாசர், சல்லடை, துளைத்தட்டு எந்த வரிசையில் வந்தன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் ஒழுகும்.

கரண்ட் பில்லில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். வாரத்துக்கு ஆறு தடவை போட்ட மோட்டாரை இப்போது ஐந்து தடவை போடுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் மாதிரி குறையும். ஆனால் எங்களுக்கு அந்த ஏழுதான் முக்கியம். முந்தின கணக்கெடுப்பில் 506 யூனிட் வந்திருந்தது. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்கு விலை ஏறிவிடுகிறது. அடுத்த தடவை 491. பள்ளிக்கூடம் திறந்து பகலில் ஃபேன் ஓடாததும் அதற்கு ஒரு காரணம், எல்லாவற்றையும் இந்தப் பித்தளைத் துண்டின் கணக்கில் எழுத மாட்டேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது, உப்புத் தண்ணீருக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்று பாக்கெட்டில் ஒரு வரிகூட இல்லாததற்காக.

மாடி வாஷ்பேசினுக்கும் ஒன்று போடச் சொல்லி வீட்டுக்காரர் கேட்கிறார். அங்கே தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, உயரம் எட்டடிதான் வரும். 8 லிட்டருக்கு மேல் உள்ளது கிடைக்குமா என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை அங்கே குழாயைப் பாதிதான் திறக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.