ஜன்னல் கண்ணாடித் துண்டில் சிற்பம் வார்க்கலாமா?

திருகோணமலையின் அலுமினியம் கடைகளில், ஜன்னலுக்கு வெட்டி மிஞ்சிய 5 மில்லிமீற்றர் கண்ணாடித் துண்டுகள் பின்சுவரில் சாய்ந்து கிடக்கும். சூளையில் உருக்கிச் சிற்பம் வார்ப்பவர்களுக்கு இவை உதவுமா? கையில் அடங்கும் வார்ப்புக்குத் தாராளமாக உதவும். நிறத்தை நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

நிறம் இந்த வேலையில் வெறும் அழகுக்காக அல்ல, கதை சொல்லவும்தான். அமெரிக்கரான பிரெட் வில்சன் 2003 வெனிஸ் கண்காட்சியில் வெனிஸின் கண்ணாடித் தீவான முரானோவின் பாணிச் சரவிளக்கைக் கறுப்புக் கண்ணாடியிலேயே தொங்கவிட்டார். இங்கிலாந்தின் கிறிஸ் டே முன்பு குழாய் பொருத்துநர். அதே செப்புக் குழாயையும் கம்பியையும் கொண்டு கண்ணாடியை இறுக்கிக் கட்டி அடிமை வரலாற்றைச் சொல்கிறார். அவுஸ்திரேலியப் பழங்குடிப் பெண்ணான யொனி ஸ்காஸ், பிரித்தானியர் அந்நாட்டின் மாரலிங்காவில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளை நினைத்து 2000 கண்ணாடிக் கிழங்குகளைத் தொங்கவிட்டார். நம் ஊரிலும் சொல்ல ஆள் இல்லாத கதை உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் படைக்கும் அடிமை வேலைக்குமாக இலங்கைக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள், ஊர்வழக்கில் காப்பிரிகள், புத்தளம் சிராம்பியடியில் மட்டுமல்ல, திருகோணமலையிலும் வாழ்கிறார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கோணேசரைக் கும்பிட்டு, மான் பார்த்துத் திரும்புகிறார்கள். காப்பிரிகளைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. இப்படி ஒரு முகத்தை வார்க்கும்போது எந்த நிறக் கண்ணாடி என்பது முதற் கேள்வியாகிவிடுகிறது.

ஜன்னல் கண்ணாடி நிறமற்றது என்பது மெல்லிய தகட்டுக்குத்தான் பொருந்தும். அதிலுள்ள இரும்பால் 4 சென்ரிமீற்றர் தடிப்பில் அது உட்துறைமுகத்துத் தண்ணீர்ப் பச்சையாகிவிடும். அந்தப் பச்சை அழகானது, அதை மறைக்கத் தேவையில்லை. கறுப்போ மண்ணிறமோ வேண்டுமென்று புல்ஸ்ஐ போன்ற வெளிநாட்டு நிறக் கண்ணாடியைச் சேர்க்கவே கூடாது. அதன் விரிவுக் குணகம், அதாவது சூட்டில் விரியும் அளவு, 90, ஜன்னல் கண்ணாடியுடையது 84 அளவில். சூளையில் ஒட்டும், ஆறும்போது வெடிக்கும். சிலவேளை ஒரு மாதம் கழித்து அலுமாரியிலேயே வெடிக்கும். பியர் போத்தலின் மண்ணிறம் நல்ல நிறம், ஆனால் அதைத் தனியாகத்தான் வார்க்க வேண்டும், அதுவும் ஒரே வகைப் போத்தலாக. ஜன்னல் கண்ணாடிக்குள் நிறம் கொண்டுவர மலிவான வழி செப்புத் தாள். 0.1 மில்லிமீற்றருக்கு மேற்படாத தாளை இரண்டு தகட்டுக்கு நடுவே வைத்து உருக்கினால் நடுவில் செம்பு நிறம் நிற்கும், காற்றுப் புகுந்த ஓரம் நீலப்பச்சையாக மாறும். வயரிங் கம்பி உள்ளே போகத் தடிப்புக் கூடியது. சுற்றிலும் கீறல் விழும். அதை வெளியே கட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? அச்சில் தண்ணீர் நிரப்பி அளந்து, மில்லிலீற்றர் கணக்கை 2.5ஆல் பெருக்குங்கள். அதுவே தேவையான கண்ணாடி, கிராமில். 500 மில்லிலீற்றர் அச்சுக்கு 1.25 கிலோ, அதாவது 5 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு சதுர அடியைவிடச் சற்றுக் கூட. அச்சுக்குப் பரிசுச் சாந்தும் (பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ்) சிலிக்கா மாவும் சம எடை. கலந்த மா 1.75 கிலோவுக்குத் தண்ணீர் 1 லீற்றர். சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும், துணி முகக்கவசம் போதாது. புல்மோட்டை மணலை அச்சிலோ கண்ணாடியிலோ போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்மனைற்று, ரூற்றைல், சிர்க்கோன் கலந்த கனிம மணல், கண்ணாடி மணல் அல்ல.

கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியவை சில. எல்லாத் துண்டும் ஒரே தகட்டிலிருந்து வரட்டும். வேறு வேறு தொழிற்சாலைச் சரக்குக் கலந்தால் அதுவும் வெடிப்புத்தான். இரண்டு தகட்டை ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டாம், நடுவிலுள்ள பிளாஸ்ரிக் எரிந்து புகையும். பெரிய குறை ஈரம். மாரியில் முற்றத்தில் அடுக்கிக் கிடந்த தகடுகளுக்கிடையே நீர் நின்று, எண்ணெய் படிந்ததுபோல வானவில் நிறப் படலம் பிடித்திருக்கும். கழுவிப் போகாது, வார்ப்பின் உள்ளே வெண்புகையாகத் தெரியும். துண்டைச் சாய்த்து வெயிலில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது சூட்டை மெல்ல இறக்கி ஆற்றுவதில். 850 பாகை செல்சியசில் உருகி நிரம்பியதும் 545க்கு இறக்கி, 25 மில்லிமீற்றர் தடிப்புக்கு 4 மணித்தியாலம் நிறுத்த வேண்டும். பிறகு 490 வரை மணிக்கு 15 பாகைதான். தடிப்பு இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதோடு நில்லாது, இறக்கும் வேகமும் நாலில் ஒன்றாகும். இடையில் கரண்ட் போனால் மூடியைத் தொடாதீர்கள். வந்ததும் 545க்கு மெதுவாக ஏற்றி மறுபடி தொடங்குங்கள். எடுத்த வார்ப்பை மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன் பிடித்து, போலரைஸ் வெயில் கண்ணாடியைத் திரை இருளும்வரை சரித்துப் பாருங்கள். செப்புத் தாளின் ஓரத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தால் இறுக்கம் உள்ளேயே இருக்கிறது. அந்தத் துண்டைக் கண்காட்சிக்கு அனுப்பாமல் திரும்பவும் சூளையில் வையுங்கள்.