எச்சரிக்கை: வீட்டு மனை என்று விவசாய நிலத்தை விற்றார்கள், 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் போனது

"உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." மனை விளம்பரத்தை வெளியிட்ட இணையதளத்திலிருந்து நேற்று மாலை ஐந்தரை மணிக்கு எனக்கு வந்த பதில் இவ்வளவுதான். யார் பரிசீலித்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள், எதுவும் இல்லை. 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயை ஒரே வரியில் முடித்துவைத்துவிட்டார்கள். இரவு முழுவதும் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் காலையில் தையல் மெஷினைத் தொடாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

வீடு, மனை விற்பனை விளம்பரங்களை வெளியிடும் இணையதளம் ஒன்றில்தான் இந்த மனையைப் பார்த்தேன். பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். சென்னைப் புறநகரான செங்குன்றம் தாண்டி உள்ளே ஒரு கிராமம். 42 மனைகள், நுழைவு வளைவு, மஞ்சள் வண்ணம் அடித்த எல்லைக் கற்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச வேன், மதியச் சாப்பாடு. விளம்பரத்தின் மேல் பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற குறி இருந்தது. அந்தக் குறியைப் பார்த்துத்தான் தொலைபேசியில் அழைத்தேன். அது இல்லாவிட்டால் அழைத்திருக்கவே மாட்டேன்.

நாங்கள் 22 வருடங்களாக வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றபோது வந்த 9 லட்சம், நான் மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம் 3 லட்சம், மீதிக்கு நகை அடகு. மனை 1,200 சதுர அடி, சதுர அடி 1,100 ரூபாய் என்று 13 லட்சத்து 20 ஆயிரம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 1 லட்சத்து 18 ஆயிரத்து 800. பத்திரம் எழுத, வில்லங்கம் பார்க்க, தரகு என்று 21 ஆயிரத்து 200. ஆக மொத்தம் 14 லட்சத்து 60 ஆயிரம். இந்தக் கணக்கை எத்தனை முறை எழுதிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தை மாதம், வெயில் இல்லை. தரகர் முப்பது வயதுக்குள் இருப்பார். முதல் நிமிடத்திலிருந்தே "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். 17-ஆம் எண் மனையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். கிழக்குப் பார்த்த மனை, வடகிழக்கில் கிணறு போடலாம், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று எல்லாம் சொன்னார். பிறகு பக்கத்து மனையைக் காட்டி, "18 என் மனைவி பெயரில் வாங்கியிருக்கிறேன் அக்கா. நாம் அண்டை வீட்டுக்காரர்களாகப் போகிறோம்" என்றார். அந்த நொடியில்தான் நான் முடிவெடுத்தேன். சொந்தப் பணத்தைப் போட்டிருப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று மனம் சொல்லிவிட்டது.

கணவர் மட்டும் வேனில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஆபீசில் ஒருமுறை விசாரித்துவிடலாமா?" முன்னால் உட்கார்ந்திருந்த தரகரின் காதில் அது விழுந்துவிட்டது. உடனே ஒரு வண்ண வரைபடத்தை விரித்தார். ஊராட்சி மன்றத் தலைவரின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் அதில் இருந்தன. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது அண்ணா. பட்டாவைப் பாருங்கள், புன்செய். நன்செய் என்றால்தான் தொல்லை. அதோடு இப்போது 2,500 சதுர அடி வரை மனை இருந்தால் சுயசான்றிதழ் முறையிலேயே இணையத்தில் கட்டட அனுமதி கிடைத்துவிடுகிறது" என்றார். சுயசான்றிதழ் திட்டம் 2024 ஜூலையில் வந்த செய்தியை நானும் படித்திருந்தேன். உண்மையான ஒரு செய்தியை நடுவில் வைத்துப் பேசியதால் மற்றவையும் உண்மை என்று நம்பினேன். கணவரிடம் "போதும், விடுங்கள்" என்று நான்தான் சொன்னேன். அவர் இன்றுவரை அதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

பதிவு நாளன்று பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். 'மனை' என்ற சொல்லே எங்கும் இல்லை. 'புன்செய் 2.75 சென்ட்' என்று இருந்தது. கேட்டேன். "கிராமப் பகுதியில் சென்ட் கணக்கில்தான் எழுதுவார்கள் அக்கா. 1,200 சதுர அடியும் 2.75 சென்ட்டும் ஒன்றுதானே" என்றார். கணக்கு சரிதான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பெருக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தேன். விலையை மட்டும் குறைத்து எழுதக் கூடாது, முழுத் தொகையும் பத்திரத்தில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஆனி மாதம் வீடு கட்டக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். ஆவணங்களை வங்கியின் வழக்கறிஞரிடம் அனுப்பினார்கள். பெரியவர், நிதானமாகப் பேசுகிறவர். பத்திரத்தைப் பார்த்தவுடனே, "இது மனை இல்லை அம்மா, விவசாய நிலம்" என்றார். நான் பட்டாவைக் காட்டினேன், வில்லங்கச் சான்றைக் காட்டினேன், வட்ட முத்திரையைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் கணினியைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டார். 'விவசாய உபயோகப் பகுதி' என்று வந்தது. இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நான் தை மாதம் செய்திருந்தால் 14 லட்சத்து 60 ஆயிரம் என்னிடம் இருந்திருக்கும்.

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. பட்டாவில் இருக்கும் நன்செய், புன்செய் என்பது வருவாய்த் துறையின் கணக்கு. அங்கே என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது வேறு ஒரு வரைபடம். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), அப்போதைய சென்னைப் பெருநகரின் 1,189 சதுர கிலோமீட்டருக்கும் சர்வே எண் வாரியாக ஒரு பயன்பாட்டை எழுதிவைத்திருக்கிறது. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று. பட்டா என் பெயருக்கு மாறினாலும், பத்திரம் பதிவானாலும், வில்லங்கமே இல்லாவிட்டாலும் அந்த வரைபடத்தில் விவசாயம் என்று இருந்தால் அது விவசாய நிலம்தான். ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமே இல்லை. பெருநகர்ப் பகுதிக்குள் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது.

'சென்ட்' என்று எழுதியதன் காரணமும் அன்றுதான் தெரிந்தது. ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவுசெய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு இருக்கிறது. மனை என்று எழுதினால் அந்தப் பிரிவு குறுக்கே வரும். விவசாய நிலம் என்று எழுதினால் வராது. என் கையெழுத்தை வைத்தே, என் செலவிலேயே, நான் விவசாய நிலம் வாங்கினேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஒப்புதல் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன அல்லவா, அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். நேரில் போய் விசாரித்தேன். அந்த விதிகள் 20.10.2016-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும். விண்ணப்பிக்கும் கடைசி நாளைப் பலமுறை நீட்டித்தார்கள். ஆனால் அந்தத் தேதி நகரவில்லை. எங்கள் 42 மனைகளும் பிரிக்கப்பட்டதே அதற்கு வெகு காலம் கழித்து. இனி ஒரே வழி நில உபயோக மாற்றம். அதற்கு விண்ணப்பித்து, நாளிதழில் அறிவிப்பு வந்து, ஆட்சேபணை கேட்டு, அதன் பிறகு மனைப்பிரிவு ஒப்புதல் வாங்கி, சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாகவும் விட வேண்டும். 42 மனைக்குச் சொந்தக்காரரான நிறுவனம் செய்ய வேண்டியதை 2.75 சென்ட் வைத்திருக்கும் நான் தனியாகச் செய்ய முடியுமா?

அதன் பிறகு அலைச்சல்தான். தரகரிடம் முதல் தடவை பேசியபோது "அக்கா, பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இரண்டாவது தடவை "மேடம், நான் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன்" என்றார். மூன்றாவது தடவையிலிருந்து எடுப்பதே இல்லை. விற்ற நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனேன். மேலாளர் கோயம்புத்தூரில், மேலாளர் கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறார், மேலாளர் இப்போதுதான் கிளம்பினார். நான்காவது முறை போனபோது அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். 19-ஆம் மனை வாங்கியவர். அவரிடமும் தரகர் 18-ஆம் மனையைக் காட்டி, "என் மனைவி பெயரில் வாங்கியிருக்கிறேன் அண்ணா" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தெருவின் கடைசியில் 22-ஆம் மனைக்காரரிடம் 21-ஐக் காட்டியிருக்கிறார். எத்தனை மனைகள் அந்த மனைவி பெயரில் இருக்கின்றனவோ.

ஐந்தாவது முறை மேலாளரே கிடைத்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு, "பணத்தைத் திருப்பித் தருவது நடைமுறையில் இல்லை மேடம். வேண்டுமானால் இன்னொரு வாடிக்கையாளருக்கு விற்றுக் கொடுக்கிறோம். சதுர அடி 1,250-க்கே போகும், உங்களுக்கு லாபம்தான்" என்றார். அதாவது என்னைப் போல ஒரு குடும்பத்தை அழைத்துவந்து, அதே 17-ஆம் எண் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதே பொய்யைச் சொல்லி, அவர்கள் பணத்தை என்னிடம் தருவாராம். என் கை நடுங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் திரும்பக் கிடைக்கும் வழி அது ஒன்றுதான் என்றால் எனக்கு அந்தப் பணம் வேண்டாம்.

இணையதளத்துக்கு ஏழு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டீர்களே, எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது மின்னஞ்சலுக்கு வந்த பதில் இதுதான்: விளம்பரம் கொடுத்தவரின் கைபேசி எண் சரிபார்க்கப்பட்டது. கைபேசி எண்! நிலம் இல்லை, பத்திரம் இல்லை, ஒப்புதல் இல்லை. அந்தப் பச்சைக் குறியை மனையின் படத்துக்கு மேலே ஏன் போடுகிறீர்கள் என்று கேட்ட கேள்விக்குத்தான் நேற்று மாலை புகாரை முடித்துவைத்தார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது எனக்கு அந்தப் பொறுமை இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சர்வே எண்ணை வாங்குங்கள், சிஎம்டிஏ தளத்தில் நில உபயோகத்தைப் பாருங்கள், சந்தேகம் என்றால் எழுத்தில் சான்று வாங்குங்கள். மனைப்பிரிவு ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பத்திரத்தில் 'சென்ட்' என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கிக் கடன் தேவையில்லை என்றாலும் ஒரு வங்கியில் அந்த மனைக்குக் கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கூட வருகிறவர் ஒரு சந்தேகம் கேட்டால் அவர் வாயை அடைக்காதீர்கள்.

திங்கட்கிழமை ஒழுங்குமுறை ஆணையத்திலும் காவல்துறையின் நில மோசடிப் பிரிவிலும் புகார் கொடுக்கிறோம். 19-ஆம் மனைக்காரரும் 22-ஆம் மனைக்காரரும் கூட வருகிறார்கள். இந்த மனைப்பிரிவில் வாங்கிய மற்றவர்கள் இதைப் படித்தால் உங்கள் பத்திர நகலோடு வந்து சேருங்கள். இன்று காலை அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது, பச்சைக் குறியோடு. இந்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் காலை எட்டரை மணிக்குப் புறப்படுகிறதாம்.