கேம்பர்வேன்ல மாசக்கணக்கா குடியிருந்தா எப்படி இருக்கும்?

உள்ளயே படுக்க, சமைக்க வசதி இருக்குற வேன், வாடகைக்கு எடுத்தது, கம்பெனி பேரு வேணாம். ஓட்டுறதுக்கு அருமை, இன்ஜின்ல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா அதுலயே குடியிருக்கணும்னா கதையே வேற. முதல் வாரம் டூர் மாதிரி ஜாலியா போகும், அப்புறம் தண்ணி எங்க பிடிக்கிறது டாய்லெட் கேசட்ட, அதான் கழிவு சேர்ற டப்பாவ, எங்க கொட்டுறதுன்னுதான் நாள் பூரா யோசனை ஓடும். கேசட் 20 லிட்டர் கிட்டத்தான் பிடிக்கும், ரெண்டு பேர்னா ரெண்டு மூணு நாள்ல நிரம்பிடும்.

உள்ள ஃப்ரிட்ஜ் மாதிரி சாமானுக்கு கரண்ட் குடுக்குற பேட்டரிய மட்டும் நல்லா விசாரிச்சுட்டு எடுங்க. எங்களுக்கு குடுத்தது 100 ஆம்பியர்-அவர் (எவ்வளவு கரண்ட் சேமிக்கும்ங்குற அளவு) லெட் ஆசிட், அதுல பாதிக்கு மேல இறக்குனா சீக்கிரம் செத்துடும், ஆக கைக்கு வர்றது 50தான், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒண்ணே ஒரு நாள்ல அதுல பெரும்பங்க முழுங்கிடும், மேகமூட்டம்னா மேல இருக்குற சோலார் பேனல் சும்மா அழகுக்குத்தான். லித்தியம்னா 80 சதவீதம் வரைக்கும் தாராளமா எடுக்கலாம், வெயிட்டும் ரொம்ப கம்மி.

குளிர்ல எல்லாத்தையும் மூடிட்டு தூங்குனா காலைல கண்ணாடி பூரா தண்ணி வடியும், எல்லாம் நம்ம மூச்சுல வர்ற ஈரம்தான், மெத்தைக்கு அடியில கைய விட்டுப் பாத்தா சொதசொதன்னு இருக்கும், விட்டா பூஞ்சைதான். கூரை ஃபேன லேசா ஓடவிட்டு ஒரு ஜன்னல விரலளவு திறந்து வைங்க. சூடு காயறதுக்குன்னு கேஸ் அடுப்ப எரிய விடவே விடாதீங்க, அதுல கார்பன் மோனாக்சைடுங்குற விஷ வாயு வரலாம், அதுக்கு வாசனையே கிடையாது, அலாரம் கட்டாயம் வேணும். எங்க வேன்ல அலாரம் இருந்துச்சு, உள்ள பேட்டரிதான் இல்ல, கேட்டா "நீங்களே வாங்கிப் போட்டுக்கங்க சார்"ங்குறாங்க!