எல்க் வேட்டை: எந்த ஊதல் எப்போது கைகொடுக்கும்?

செப்டம்பர் விடியலில் அமெரிக்காவின் கொலராடோ மலைக்காட்டில் எழும் அந்த ஓலத்தை முதன்முறை கேட்பவர், அது மானின் குரல் என்றால் நம்பமாட்டார். காதைத் துளைக்கும் சீழ்க்கையும் அடித்தொண்டை உறுமலும் ஒரே மூச்சில் வரும். காஷ்மீரின் ஹங்குலுக்கு உறவான எல்க் மான், இணைசேரும் பருவத்தில் எழுப்பும் குரல் அது. வேட்டைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பியூகிள். பிணையின், அதாவது பெண்மானின் குரலோ மெல்லிய 'மியூ'. இவற்றைப் போலவே ஊதி மானை அருகில் வரவழைப்பதுதான் அவர்களின் வித்தை.

வில்லோடு போகிறவருக்கு நான் தயங்காமல் டயாஃப்ரம் என்ற வாய்க்குள் வைக்கும் ஊதலைத்தான் சொல்வேன். லாட வடிவச் சட்டத்தில் மெல்லிய லேடெக்ஸ் படலம். மேலண்ணத்தில் பொருத்தி, நாக்கால் அழுத்தி ஊத வேண்டும். நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போது, குறுக்கே நடக்கும் மானை ஒரு 'மியூ' கொடுத்து நிறுத்த மூன்றாவது கைக்கு எங்கே போவது? பியூகிளும் இதிலேயே வரும். ஆனால் பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாட்கள் குமட்டும். வீட்டில் இருப்பவர்கள் பாடு அதைவிட மோசம். படலம் கிழியக்கூடியது என்பதால் இரண்டு மூன்று கையிருப்பில் இருக்கட்டும்.

அந்தப் பொறுமை இல்லாதவருக்குத் திறந்த ரீட் ஊதல். ரீட் என்பது ஊதும்போது அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய பட்டை. ரீட்டில் உதடு அழுத்தும் இடத்தை மாற்றினால் சுருதி மாறும், சீக்கிரமே பிடிபட்டுவிடும். காற்று வீசும் மேட்டில் இதன் உரத்த குரல் நன்றாக எட்டும். ஆனால் ஒரு கையைக் கேட்கும். உறைபனிக் காலையில் மூச்சின் ஈரம் ரீட்டில் உறைந்து குரல் அடைத்துக்கொள்ளும். சட்டைக்குள் வைத்திருப்பது நல்லது.

கையால் அமுக்கும் ரப்பர் ஊதலைச் சிறுவனும் இயக்கலாம். பெரிதாகக் குரலை மாற்ற முடியாது, அவ்வளவுதான்.

பியூகிள் குழலைத்தான் புதியவர்கள் கெடுக்கிறார்கள். அது பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கும் ஆண்மானைப் பதில் சொல்லவைத்து இடம் அறிய உதவும். அருகில் போனபின்னும் ஊதிக்கொண்டே இருந்தால், பிணைக்கூட்டத்தோடு நிற்கும் ஆண்மான் போட்டிக்கு வராமல் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு நகர்ந்துவிடக்கூடும். வேட்டைக்காரர்கள் நெரியும் அரசு நிலத்தில் இது இன்னும் அதிகம். நவம்பர் துப்பாக்கிப் பருவத்தில் ஆண்மான்கள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. அப்போது குழலை வீட்டில் வைத்துவிட்டு, எப்போதாவது ஒரு 'மியூ' போதும்.

மின்னணு ஊதல் வாங்குமுன் சட்டத்தைப் பாருங்கள். பல மாநிலங்களில் தடை.

காசில்லாத கருவியும் ஒன்று உண்டு: காய்ந்த கிளை. அதை இளம் பைன் மரத்தில் பட்டை உதிர உரசினால், எதிரி கொம்பு தீட்டுகிறான் என்று ஆண்மானே பார்க்க வருவதுண்டு.