பூட்டிய மின்னூல்களோடு பன்னிரண்டு ஆண்டுகள்

'வாங்கு' என்று எழுதியிருந்த பொத்தானை 2013-இல் முதன்முதலாக அழுத்தினேன். அன்று முதல் இதுவரை முந்நூற்றுப் பதினாறு மின்னூல்கள் வாங்கியிருக்கிறேன். இடையில் மூன்று வாசிப்புக் கருவிகளும் இரண்டு கடைகளும் மாறிவிட்டன. புதுக் கருவி வந்த வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் திரையின் தெளிவைப் பற்றியும் பேட்டரி எத்தனை நாள் நிற்கும் என்பது பற்றியும் விரிவாகப் படிக்கலாம். டிஜிட்டல் உரிமை மேலாண்மை, அதாவது டிஆர்எம் எனப்படும், கோப்பை எந்தக் கருவியில் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. எழுதுபவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரத்தில் அந்தப் பூட்டு யார் கண்ணிலும் படுவதில்லை. என் கண்ணில் படவே நான்கு ஆண்டுகள் ஆயின.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்னூல் என் வாசிப்பைப் பெருக்கியது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், நள்ளிரவில் நினைத்த புத்தகத்தை அடுத்த நிமிடமே படிக்கத் தொடங்கலாம், அடிக்கோடிட்ட வரிகளை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். கருவியைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் வழக்கெல்லாம் கோப்புக்குள் இருக்கும் பூட்டோடுதான்.

நான் முதலில் வாங்கிய கடை 2017-இல் மின்னூல் விற்பனையை நிறுத்தியது. ஒரு மாத அவகாசத்தோடு மின்னஞ்சல் வந்தது. அங்கே நாற்பத்தொரு புத்தகங்கள் வைத்திருந்தேன். பழைய கருவியில் அவை தொடர்ந்து திறந்தன. புதுக் கருவி வாங்கி அதில் ஏற்றப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு புதுக் கருவிக்கும் அனுமதி வழங்க வேண்டிய சர்வர் அணைக்கப்பட்டுவிட்டது. கோப்பு என் கையில் முழுதாக இருக்கிறது, பணமும் கட்டியாகிவிட்டது, ஆனால் அனுமதி கேட்பதற்கு எதிர்முனையில் ஆள் இல்லை. அந்தப் புத்தகங்களில் ஒன்று, இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து படித்த வரலாற்று நூல். அதில் இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதியிருந்தேன். அவையும் அதே பூட்டுக்குள் மாட்டிக்கொண்டன.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்றுதான் நினைத்தேன். தேடிப் படித்தபோது பழைய கதையாக இருந்தது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில் வாசிப்புக் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திரும்பி வந்தது. பின்னர் நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த நாவல்களில் ஒன்றில் பாடக் குறிப்பு எழுதி வைத்திருந்த ஒரு மாணவருக்கு அந்தக் குறிப்புகள் எதற்கும் உதவாமல் போயின. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது எல்லாப் புத்தகங்களும் செயலிழந்தன. விலை முழுவதையும் திருப்பித் தந்தார்கள். குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது என் வரலாற்று நூலின் ஓரங்கள்தான் நினைவுக்கு வந்தன. இரண்டு ஆண்டு யோசனையை யார் எடைபோட்டு விலை சொல்வது?

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது அம்மாவுக்கு நேர்ந்தது.

2019 வாக்கில் அம்மாவுக்கு விழித்திரைப் பாதிப்பு கூடிவிட்டது. எவ்வளவு பெரிய எழுத்தானாலும் சிரமப்பட்டார். உரையைக் குரலாகப் படித்துக் காட்டும் வசதி கருவியில் இருந்தது. மூன்று புத்தகங்களை அப்படிக் கேட்டு முடித்தார். நான்காவது, அவர் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பயண நூல். வாங்கித் திறந்துவைத்தேன். ஒலிபெருக்கிச் சின்னம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் அசையவில்லை. கருவியை அணைத்துப் போட்டேன், புத்தகத்தை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினேன். அரை மணி நேரம் கழித்து, கடையின் விற்பனைப் பக்கத்தில் அடியில் இருந்த வரியைப் பார்த்தேன்: இந்த நூலுக்குக் குரல் வாசிப்பு இயக்கப்படவில்லை. பதிப்பாளர் அதை முடக்கியிருந்தார்.

"ஏன் இது மட்டும் பேசமாட்டேன் என்கிறது?" என்று அம்மா கேட்டார். "அவர்கள் அனுமதிக்கவில்லை அம்மா" என்றேன். "நாம் காசு கொடுக்கவில்லையா?" என்றார்.

பூட்டில்லாத கோப்பாக இருந்திருந்தால், எழுத்தைப் படித்துக் காட்டும் எந்த மென்பொருளிலாவது போட்டு அந்த நிமிடமே கேட்க வைத்திருக்கலாம். பூட்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் பதினொரு நாள் மாலை உட்கார்ந்து, பத்தொன்பது அத்தியாயங்களையும் நானே உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். இதற்கும் ஒரு பின்கதை உண்டு. 2009-இல் இரண்டாவது கிண்டிலில் குரல் வாசிப்பு வந்தபோது, அது ஒலிநூல் உரிமையைப் பறிக்கிறது என்று அமெரிக்காவின் எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்டு எதிர்த்தது. அதன்பின் ஒவ்வொரு நூலிலும் அந்த வசதியை வைப்பதா எடுப்பதா என்பது பதிப்பாளர் கைக்குப் போனது. பார்வையற்றோர் அமைப்புகள் அப்போதே தெருவில் இறங்கிப் போராடின. பத்து ஆண்டுகள் கழித்து அதன் விளைவு ஒரு சாம்பல் நிறச் சின்னமாக அம்மாவின் மடியில் வந்து விழுந்தது.

அதுவரை இந்த விஷயத்தில் எந்த விவாதத்திலும் நான் வாய் திறந்ததில்லை. அதன்பிறகு நிறையப் பேசியிருக்கிறேன். இணையத்தில் எங்கே பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர், "தொழில்நுட்பத்தில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று சொல்லிவிடுகிறார். நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் தவறு. ஏன் தவறு என்பது பூட்டு வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கிறது. திறக்கும் சாவி என் கணக்கோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டு வருகிறது. நான் பக்கத்தைப் புரட்டும்போது கருவி அந்தச் சாவியால் திறந்து காட்டுகிறது. ஆக, யாரிடமிருந்து சாவியை ஒளிக்க வேண்டுமோ அவர் கையில் இருக்கும் கருவிக்குள்ளேயே சாவியை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவரால் படிக்க முடியாது. இப்படிப்பட்ட பூட்டு கணிதத்தின் பலத்தில் மட்டும் நிற்காது. டிவிடியின் பூட்டு 1999-இல் திறக்கப்பட்டது. அதில் பங்கெடுத்தவர்களில் ஒருவரான நார்வேயின் யோன் லெக் யோஹான்சன் அப்போது பதின்ம வயதுப் பையன். திரைக்கும் பிளேயருக்கும் இடையிலான எச்டிசிபி பூட்டின் முதன்மைச் சாவி 2010-இல் வெளியே வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பூட்டு நிற்கிறது என்றால், அதைத் தாங்கிப் பிடிப்பது சட்டம்.

உலக அறிவுசார் சொத்து அமைப்பின் (வைப்போ) 1996-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஒப்பந்தம், பூட்டை உடைப்பதற்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு தர வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அமெரிக்கா 1998-இல் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 1201-ஆம் பிரிவின்படி, விதிவிலக்கு இல்லாத இடத்தில், வாங்கிய நூலைப் படிக்கும் நோக்கத்துக்காகவே பூட்டைத் திறந்தாலும் தவறுதான். 2001 ஜூலையில் ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியரோவ், அடோபி மின்னூல் பூட்டின் பலவீனத்தைப் பற்றி லாஸ் வேகாஸ் மாநாட்டில் பேசிவிட்டுக் கிளம்பும்போது கைது செய்யப்பட்டார். அவர் எழுதிய மென்பொருள் அவருடைய நாட்டில் சட்டப்படி குற்றமல்ல. மறு ஆண்டு டிசம்பரில் அவருடைய நிறுவனத்தை நடுவர் குழு விடுவித்தது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு வேறு வழியில் போகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் அது குற்றமாக்குகிறது. ஒரே பூட்டு, ஒரே கோப்பு. எல்லை தாண்டினால் குற்றமும் மாறுகிறது. எங்கே கோடு போடுவது என்று உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள். அரசியல் முதல் நாளே உள்ளே வந்துவிட்டது. நாங்கள் கொண்டுவந்து கலக்கவில்லை.

அம்மாவின் கதைக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். குரல் வாசிப்பு முடக்கப்பட்ட மின்னூல்களைப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திறக்கலாம் என்று அமெரிக்காவில் விதிவிலக்கு உண்டு. ஆனால் விதிவிலக்குகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பெற வேண்டும். அதைவிடக் கொடுமை, திறப்பதற்குத்தான் விதிவிலக்கு; திறக்கும் கருவியைச் செய்து பிறருக்குக் கொடுக்க விதிவிலக்கு இல்லை. கண் தெரியாதவர் தனியாகத் திறக்க நினைத்தால், தானே நிரல் எழுதித் தானே திறந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். இந்த வரியைச் சொன்னதும் எதிர்த்துப் பேசியவர்கள் பலர் அமைதியானதைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்தாளர்கள் பக்கத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாவல் எழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நூல் வெளியான நான்காம் நாளே திருட்டு நகல் சுற்றத் தொடங்கியது. "பூட்டும் இல்லாவிட்டால் எனக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேட்டார். ஐந்து ஆண்டு உழைப்பு அவருடையது; கோபம் நியாயமானது. ஆனால் அந்த நகல் பூட்டிய பதிப்பிலிருந்துதான் எடுக்கப்பட்டிருந்தது. திருட்டு நகலை இறக்கியவருக்குப் பூட்டின் தொல்லையே இல்லை. பணம் கொடுத்த என்னைப் போன்றவர்கள்தான் அதைச் சுமக்கிறோம். வாசகர்களின் அலமாரி ஒரு கடையின் பூட்டுக்குள் போய்விட்டால், அவர்கள் வேறு கடைக்கு நகர முடியாது. வாசகர் நகராவிட்டால் பதிப்பாளரும் நகர முடியாது. டோர் புக்ஸ் போன்ற பெரிய அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 2012-இலேயே பூட்டை எடுத்துவிட்டது. பூட்டில்லாமல்தான் இன்றும் விற்கிறது. நண்பர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த நாவலைப் பூட்டோடும் பூட்டில்லாமலும் இரண்டு கடைகளில் வெளியிடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த விஷயம், வழக்கமான அணிகள் இங்கே குலைந்துபோவதுதான். "காசு கொடுத்து வாங்கியது என் சொத்து, அதில் யாரும் கை வைக்கக்கூடாது" என்று சந்தையை நம்புபவர் சொல்கிறார். "நிறுவனத்தின் அதிகாரம் என் வீட்டு அலமாரி வரை வரக்கூடாது" என்று மறுபக்கத்தவர் சொல்கிறார். எல்லாவற்றிலும் மோதிக்கொள்ளும் இருவர் இதில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். அதேசமயம் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்குள்ளேயே பிளவு உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு கருவிகளைப் பூட்டுவதற்கு எதிராக விதி சேர்த்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்காமல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுகொண்டார்.

நானும் ஒரு விஷயத்தில் நிலை மாறியிருக்கிறேன். பிரவுசருக்குள்ளேயே படங்களுக்கான பூட்டை இணைக்கும் இஎம்இ தரத்தை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிசீலித்தபோது, தனித்தனிச் செருகுநிரல்களைவிட அது மேல் என்று, வெளியே பேசாவிட்டாலும், மனத்துக்குள் ஆதரித்தேன். பாதுகாப்புக் குறைகளை ஆராய்பவர்கள் மீதும், மாற்றுத்திறனாளிகளுக்காகப் பூட்டைத் திறப்பவர்கள் மீதும் வழக்குப் போடமாட்டோம் என்று உறுப்பு நிறுவனங்கள் உறுதி தர வேண்டும் என டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் கேட்டது. அந்த உறுதி கிடைக்கவில்லை. 2017 செப்டம்பரில் தரம் ஏற்கப்பட்டது. ஃபவுண்டேஷன் அன்றே டபிள்யூ3சியிலிருந்து விலகியது. அதைப் பிற்பாடு, அம்மாவின் நூலுக்குப் பிறகுதான், முழுதாகப் படித்தேன். நான் அப்போது ஆதரித்தது தவறு.

மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் படங்களில் பூட்டு இருப்பது பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை. வாடகை வாடகைதான். என் லினக்ஸ் கணினியில் படம் மங்கலாக வருவது எரிச்சல் தருகிறது. கூகுளின் வைட்வைன் பூட்டில் உயர்ந்த நிலையான எல்1 இருந்தால்தான் பல சேவைகள் உயர் தரத்தில் காட்டுகின்றன, என் கணினிக்குக் கீழ்நிலையான எல்3தான் வாய்த்திருக்கிறது. ஆனாலும் அங்கே யாரும் எனக்கு 'விற்றேன்' என்று சொல்லவில்லை. விற்றேன் என்று சொல்லிவிட்டு வாடகை விதிகளைக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. நான் எதிர்பார்த்ததில் இது கால்வாசிகூட இல்லை. என்றாலும், சொல்லைத் திருத்தாமல் மற்றதைத் திருத்த முடியாது.

இப்போது நான் செய்வது இதுதான். பூட்டில்லாத பதிப்பு கிடைக்கிறதா என்று முதலில் தேடுகிறேன். கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குகிறேன், இரண்டு இடங்களில் காப்பு நகல் வைக்கிறேன். கிடைக்காத நூல் எனக்கு நெடுநாள் வேண்டியது என்றால் அச்சுப் பிரதி. ஒருமுறை படித்து முடிக்கும் நூலை மட்டும் பூட்டோடு வாங்குகிறேன். அம்மாவுக்கு என்றால் குரல் வாசிப்பு பற்றிய வரியைப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை.

2013-இன் பழைய கருவியை இன்னும் வைத்திருக்கிறேன். வைஃபையை அணைத்தே வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். திரையின் கீழ் மூலையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அந்த நாற்பத்தொரு புத்தகங்களும் அதில் மட்டும்தான் திறக்கும். வரலாற்று நூலின் குறிப்புகளை ஞாயிற்றுக்கிழமைகளில் திரையைப் பார்த்துப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். நூற்று இருபத்தாறு முடிந்திருக்கின்றன. இன்னும் பாதி இருக்கிறது.