அடுக்குப் பண்ணைக் கீரை: வாங்கலாமா?

சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் உள்ளூர் விளைச்சல் என்ற முத்திரையோடு கிடைக்கும் அடுக்குப் பண்ணைக் கீரை வகைகளைச் சில மாதங்களாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். மூடிய கூடத்துக்குள், மண்ணில்லாமல், எல்இடி விளக்கொளியில் தட்டுத்தட்டாக வளர்க்கப்படும் லெட்டூஸும், கேல் (kale) என்ற கோஸ் இனக் கீரையும்தான் இவற்றில் பெரும்பாலானவை. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இப்படி ஒரு பொட்டலத்தை ருசியை மட்டும் வைத்து எடைபோட்டுவிட முடியாது.

தரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. வேரோடு விற்கப்படும் லெட்டூஸின் அடியில், விதை ஊன்றிய பஞ்சுத்துண்டு இன்னும் ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிள்ளாமல் அப்படியே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் கழித்தும் இலை மொறுமொறுப்பாக இருக்கிறது. மண்ணும் இல்லை, பூச்சி அரித்த ஓட்டையும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பொட்டலத்தில் மட்டும் உள்ளே நீர் கோத்து அடியிலைகள் அழுகியிருந்தன.

அடுப்பில் ஏற்றினால் கதை மாறுகிறது. காற்றும் வெயிலும் படாமல் வளர்ந்த இந்த மெல்லிய இலைகள் வாணலியில் போட்ட உடனே சுருண்டு கைப்பிடி அளவாகிவிடுகின்றன. பருப்போடு கடைந்தால் கீரையின் வாசம் எழுவதே இல்லை. விலையோ, லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்கா ஈரச்சந்தையில் ஒரு கட்டு தண்டுக்கீரை வாங்கும் காசுக்கு இரண்டு மடங்குக்கு மேல். குடும்பத்தோடு தினமும் கீரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

விலை ஏறுவதற்கு முக்கியமான காரணம் மின்சாரம். வெளியே இலவசமாகக் கிடைக்கும் வெயிலுக்குப் பதில் விளக்கும், அந்த விளக்கின் சூட்டைத் தணிக்கக் குளிரூட்டியும் ஓடியாக வேண்டும். 2012இல் லிம் சூ காங்கில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய ஸ்கை கிரீன்ஸ் பண்ணை வேறு வழியில் சென்றது: சுமார் 9 மீட்டர் உயரக் கோபுரங்களில் தொட்டிகளை நீர்விசையால் மெல்லச் சுழற்றி, ஒவ்வொன்றுக்கும் வெயில் கிடைக்கச் செய்து, மக்கள் அன்றாடம் சமைக்கும் சீனக் கீரை வகைகளை வளர்த்தது. உணவுப் பாதுகாப்பு என்ற நோக்கத்துக்கு அந்த அணுகுமுறையே பொருத்தமானது என்று உறுதியாக நம்புகிறேன்.

2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019இல் வகுத்த இலக்கை அரசு 2025 நவம்பரில் கைவிட்டு, 2035க்குள் காய்கறி போன்ற நார்ச்சத்து வகையில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத வகையில் 30 விழுக்காடு என்று மாற்றியமைத்தது. அதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. 2020 மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் இங்கே கடைகளில் எவ்வளவு கூட்டம் கூடியது என்பதைப் பார்த்தவர்களுக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம் கொஞ்சமாவது விளைய வேண்டியதன் அவசியம் புரியும்.

ஆகவே, பச்சையாகச் சாப்பிடுபவர்கள் வேரோடு வரும் லெட்டூஸைத் தயங்காமல் வாங்கலாம். இறக்குமதியானதைவிட நாள்பட இருப்பதால் வீணாவது குறைவு. கேலைப் பொரியலுக்கென்று வாங்க வேண்டாம். பண்ணைக்காரர்களிடம் என் வேண்டுகோள், கங்கோங் எனும் வள்ளைக்கீரையையும் தண்டுக்கீரையையும் அந்தத் தட்டுகளில் ஏற்றி, ஈரச்சந்தை விலைக்கு ஓரளவாவது அருகில் கொண்டுவர வேண்டும் என்பதே.